கதவுக்கு வெளியே குண்டூசி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. குண்டூசி என்று கூப்பிடும் உரிமை இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. அவர் அவளுடைய வீட்டுக்காரர். கல்யாணம் ஆன புதிதில் அவர் அவளைப் பார்க்கக் கடைக்கு வந்தபோதெல்லாம் அவள் உதட்டில் வரிசையாகக் குண்டூசி கவ்வியிருப்பாளாம். அதைத் துப்பாமலே அவரோடு சண்டை போடுவாளாம். அப்படி வந்த பெயர். இந்தக் கதை முடியும்வரை நாமும் அதைக் கடன் வாங்கிக்கொள்வோம். அவளுக்குத் தெரிந்தால் அதற்கும் வயிறெரிவாள்.

வயிறெரிவது அவளுக்குக் கைவந்த கலை. சலவைக் கடையின் பின்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நாளெல்லாம் அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைக்கிறவள் அவள். யாருக்கு இடுப்பு பெருத்திருக்கிறது, யாருக்குச் சிறுத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். இளைத்தவளைப் பார்த்தால், "இவளுக்கென்ன, நடக்கிறதுக்கு நேரம் இருக்கு" என்பாள். பெருத்தவளைப் பார்த்தால், "இவளுக்கென்ன, உட்கார்ந்து சாப்பிட வசதி இருக்கு" என்பாள். ஆட்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள்கூட அளவிலிருந்து வந்தவைதான். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒரு அம்மாள் அடிக்கடி கடைக்கு வருவார். அவருக்கு எந்தக் கோட்டு வாங்கினாலும் கையை இறக்கித் தைக்க வேண்டும். ஆகவே அவர் பெயர் நீளக்கை.

வீட்டுக்காரர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். "லிஃப்ட் இன்ஜினியர்" என்று வெளியில் சொல்லிக்கொள்வாள். அவர் பக்கத்தில் இருந்தால் லேசாக இருமுவார். கம்பெனி சட்டை போட்டிருப்பாரே தவிர, ஒப்பந்தக்காரர் மூலமாக வருகிற வேலைதான். கருவிப் பையை ஒரே பக்கமாகச் சுமந்து சுமந்து அவருடைய இடது தோள் இறங்கிவிட்டது. அவர் சட்டைகளை மட்டும் அவள் அதற்குத் தோதாக, வெளியே தெரியாமல் மாற்றித் தைப்பாள். யாருக்கும் தெரியாத அந்தத் தோள் விஷயம் தனக்கு மட்டும் தெரியும் என்பதில் அவளுக்கு ஒரு தனிப் பெருமை.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவில் இருட்டில் மாட்டிக்கொண்டார். காலையில் மாட்டியவரைச் சாயங்காலம்தான் இறக்கினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வந்தார், கை கழுவினார், சாப்பிட்டார், "இன்னிக்குக் கொஞ்சம் லேட்டு" என்றார். மறுநாள் லிஃப்ட் கதவு முன்னால் போய் நின்றவருக்குக் கை சில்லிட்டு, நெஞ்சு படபடத்து, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒப்பந்தக்காரர் நல்ல மனுஷர். "உடம்பு சரியானதும் வாங்க, அவசரமே இல்ல" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் பேச்சு வற்றிப்போனது. குண்டூசி கேட்காத கேள்வி இல்லை.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"என் மேல கோபமா?"

"இல்ல."

"அப்ப என்னதாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. டிவியக் கொஞ்சம் சத்தமா வை."

அந்த "ஒண்ணுமில்ல" இருக்கிறதே, அது உதடு அசையாமல் மூக்கு வழியாகவே வெளியே வரும். கடையில் இஸ்திரி போடுகிற பெண்கள் கேட்டால் குண்டூசி அதை அச்சு அசலாகச் செய்துகாட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். இவள் சிரிக்கமாட்டாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஓரகத்தி போன் செய்தாள். கொழுந்தனாரின் மனைவி. கண்ணாடிக் கட்டடத்தில் வேலை, கழுத்தில் அட்டை, கம்பெனியில் இன்சூரன்ஸ்.

"அக்கா, எனக்கு இந்த மீட்டிங்னாலே ஒரே படபடப்பு அக்கா. அதான் கவுன்சிலிங் போயிட்டிருக்கேன். எல்லாம் இன்சூரன்ஸ்லயே போயிடுது. அங்க ரூம்ல மீன் தொட்டி வெச்சிருக்காங்க அக்கா. மீனைப் பார்த்தாலே பாதி சரியாயிடுது. மாமாவையும் அங்கயே கூட்டிட்டுப் போங்களேன்."

"பார்க்கலாம்மா. நல்லா இரும்மா" என்று தேனாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"மீட்டிங் போறவளுக்கு மீன் தொட்டி! இருட்டுல தொங்கினவருக்கு டிவிப் பெட்டியா?"

அன்று ஆரம்பித்த வேட்டை அது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், குவிந்துகிடக்கும் கோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வோர் இடமாகப் போன் போட்டாள். முதலில் மீன் தொட்டிக்காரர்கள். வெண்ணெய் தடவிய குரல்.

"வணக்கம்ங்க, உங்க இன்சூரன்ஸ் கார்டு நம்பர் சொல்றீங்களா?"

"கார்டு இல்லைங்க. எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

குரலிலிருந்து வெண்ணெய் வழித்தெடுக்கப்பட்டது. "ஒரு தடவைக்கா, மொத்தத்துக்கா?" என்று கேட்டு ஒரு தொகையைச் சொன்னார்கள். அதைக் கேட்டு அவள் உதட்டிலிருந்த குண்டூசிகள் மடியில் கொட்டின.

அடுத்தது அரசு ஆஸ்பத்திரி. ரொம்ப நேரம் மணியடித்த பிறகு ஒரு கொட்டாவி எடுத்துப் பேசியது.

"அவசரமா?"

"அவசரம்தாங்க."

"உயிருக்கு ஆபத்து மாதிரி ஏதாவது இருக்கா? தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்குவேன்னு சொல்றாரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. லிஃப்ட் கிட்டயே போகமாட்டேங்கிறாருங்க."

"அப்போ அது அவசரம் இல்லம்மா. பேரைக் குடுங்க, அடுத்த வருஷம் கூப்பிடுறோம். அதுவரைக்கும் படியில ஏறச் சொல்லுங்க."

மூன்றாவதாக ஒரு மனுஷக் குரலே இல்லை. ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு பதிவுசெய்த பெண் குரல். அதோடும் சண்டை போட்டாள். "நான் எதை அம்மா அழுத்தறது? என் கழுத்தையா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். நீளக்கை நின்றிருந்தார், கையில் புதுக் கோட்டு.

"மன்னிச்சுக்கோங்க, காதுல விழுந்துடுச்சு" என்றார். பாடம் நடத்துகிற குரல். ஒவ்வொரு சொல்லையும் மேஜையில் எடுத்து வைப்பது போலப் பேசுவார். "எங்க சைக்காலஜி துறையில ஒரு கவுன்சிலிங் கிளினிக் இருக்கு. கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைங்க வந்து பார்ப்பாங்க. நான் மேற்பார்வை பார்த்துக்குவேன். கார்டு எதுவும் வேண்டாம். உங்களால முடிஞ்சதைக் குடுத்தாப் போதும்."

"படிக்கிற பிள்ளைங்களா? கத்துக்கிறதுக்கு எங்க வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?"

"நீங்க முதல்முதல்ல தைச்ச கோட்டை யாராவது போட்டிருப்பாங்க இல்லையா?"

குண்டூசி அளவு நாடாவை எடுத்தாள். கோட்டுக் கையை அளந்தாள்.

வீட்டுக்காரரைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனது ஒரு தனிக் கதை. கிளினிக் ஐந்தாவது மாடியில் இருந்தது. லிஃப்ட்டைப் பார்க்காமல் இருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படியேறினார். மேலே ஒரு நீளமான நடை, ஒரே பக்கமாக மூன்று கதவுகள், எதிரே நாற்காலிகள். ஒவ்வொரு கதவுக்கும் வெளியே தரையில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி இருந்து "ஷ்ஷ்ஷ்" என்று ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. "உள்ள பேசறது வெளிய கேட்கக் கூடாது, அதுக்குத்தான்" என்று நீளக்கை விளக்கினார். குண்டூசிக்கு என்னவோ அந்தப் பெட்டி தன்னைப் பார்த்துத்தான் வாயை மூடச் சொல்கிறது என்று தோன்றியது.

நடுக் கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப்பார்த்தாள். சின்னத் தோள், ஒட்டிய இடுப்பு. ஆயத்த உடையில் இருப்பதிலேயே சின்ன அளவு எடுத்தும் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கண் மட்டும் பெரிது. "வாங்க சார்" என்றாள். குரல் பட்டுத் துணி மாதிரி. அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சரிசெய்யக் கொடுத்த துணியை வாங்கிக்கொண்டு போவது மாதிரி, சில வாரத்தில் ஆளை வாங்கிக்கொண்டு போய் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்பதுதான் குண்டூசியின் கணக்கு. முதல் வாரம் அவர் எப்போதும்போல மரக்கட்டையாக வெளியே வந்தார். இரண்டாவது தடவை கண் சிவந்திருந்தது. அதற்கடுத்த வியாழக்கிழமை படியிறங்கும்போது விசில் அடித்தார்.

விசில்! குண்டூசிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஒரு மாடி இறங்குவதற்குள் அது வேறொன்றாகத் திரிந்துபோனது.

"என்ன பேசினீங்க உள்ள?"

"சும்மா, எல்லாம்தான்."

"எல்லாம்னா?"

"அந்த இருட்டு, அந்தச் சத்தம், அப்புறம் சின்ன வயசுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?"

சின்ன வயசா? சின்ன வயசில் என்ன? இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளுக்குச் சொல்லாத சின்ன வயசு ஒன்று இருக்கிறதா? அதை நேற்றுப் பிறந்த ஒரு சின்னத்தோளிடம் கொட்டிவிட்டு, விசிலடித்துக்கொண்டு இறங்கி வருகிறாரா மனுஷர்?

அதன்பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் "அவங்க சொன்னாங்க" வந்து நின்றது. மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும் என்று அவங்க சொன்னாங்க. டிவியைக் குறைச்சுக்கச் சொன்னாங்க.

"நான் மூணு மாசமா டிவியக் குறைங்கன்னு கத்தினேனே, அது எந்தக் காதுல விழுந்துச்சு?"

"நீ கத்தின. அவங்க சொன்னாங்க."

வியாழக்கிழமை வந்தால் அவரே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டார். அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவது எப்போதும் குண்டூசியின் வேலை. அவளிடம் கேட்கவில்லை. அவள் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "மாப்பிள்ளை கிளம்பியாச்சா?" என்றாள். அவர் சிரித்தார். சிரித்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு நானும் அவங்களும் கீழ போய் லிஃப்ட் முன்னாடி நின்னோம்" என்றார் ஒரு வாரம்.

"ரெண்டு பேருமா?"

"ஆமா. கதவு திறந்து மூடறவரைக்கும் நின்னேன். கை சில்லிடல."

"சேர்ந்து நின்னீங்களா? பக்கத்துல பக்கத்துலயா?"

"லிஃப்ட் முன்னாடி வேற எப்படிம்மா நிக்கிறது?"

கை சில்லிடவில்லை என்று கேட்டதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல அழுகைதான். ஆனால் அந்தக் கை சில்லிடாமல் நின்றபோது பக்கத்தில் இருந்தது வேறொருத்தி. இனிமேல் நீ வர வேண்டியதில்லை, நானே போய்க்கொள்வேன் என்று அவர் சொன்னதும், வராமல் இருப்பதாவது என்று கடையில் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு வந்து நடையில் உட்கார்ந்தாள்.

அந்த வியாழக்கிழமை நடையில் அவளோடு இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். நடுக் கதவுக்குப் பின்னால் அவர் இருந்தார். பெட்டி இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு அடியில் ஏதோ முணுமுணுப்பு, பிறகு ஒரு சிரிப்பு. அவருடைய சிரிப்புதான். அவள் கைப்பை கீழே விழுந்தது. விழுந்ததா, விட்டாளா என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லமாட்டாள். எடுக்கக் குனிந்தவள் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய், நாற்காலிக்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

அது அந்த ஒரு பெட்டியின் பிளக் இல்லை. மூன்று பெட்டியும் சேர்ந்து மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் போர்டின் பிளக். நடை முழுக்கச் சட்டென்று அமைதியானது. முதல் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அழுகை தெளிவாகக் கேட்டது. "என் மகனுக்கு என்னைப் பார்த்தாலே வெறுப்பு வருது" என்று அழுதாள். நாற்காலியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசியின் காதில் அது விழவே இல்லை. அவள் காது முழுக்க நடுக் கதவில் ஒட்டியிருந்தது.

"குண்டூசி" என்றது அவள் வீட்டுக்காரரின் குரல், உள்ளேயிருந்து. "இப்படி என் பக்கத்துல வந்து உட்காரேன்."

"சொல்லுங்க, நான் இங்கதானே இருக்கேன்" என்றது பட்டுக் குரல்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், குண்டூசி. ரொம்ப நாளா மனசுல இருக்கு."

அதற்குமேல் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"யாரைய்யா குண்டூசின்னு கூப்பிடுற?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் "ஐயா" போட்டு ஒருமையில் பேசியதே இல்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார். சின்னத்தோள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அவ்வளவுதான்.

"அக்கா, உட்காருங்க. அக்கா, நான் நீங்க" என்றாள் அந்தப் பெண்.

"என்னது?"

"இல்ல, நான் உங்களை மாதிரி நடிச்சுட்டு இருந்தேன். சாருக்கு உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். சொல்ல வாய் வரமாட்டேங்குதுன்னு சொன்னாரு. அதான் என்னை நீங்கன்னு நினைச்சுக்கிட்டுச் சொல்லிப் பழகுறோம். இது எங்க முறையில உண்டு அக்கா."

குண்டூசி அவரைப் பார்த்தாள். அவர் காது நுனிவரை சிவந்திருந்தார்.

"பிளக்கை நீயா பிடுங்கின?" என்றார்.

அதற்குள் நீளக்கை நடையின் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். முதல் கதவு திறந்து, முகத்தைக் கையால் மறைத்தபடி ஒரு பெண் படிப்பக்கம் ஓடினாள். நீளக்கை முதலில் குனிந்து பிளக்கை மாட்டினார். மூன்று பெட்டியும் மறுபடி இரைய ஆரம்பித்தன. பிறகுதான் பேசினார். அப்போதும் சொற்களை ஒவ்வொன்றாகவே எடுத்து வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் பேசினதை நீங்க ஒட்டுக் கேட்டீங்க. அது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற விஷயம். இப்போ ஓடினாங்களே, அவங்க இங்க வர்றதுக்கே எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் வந்து திரும்பினவங்க. அவங்க பேச்சை மூணு பேர் கேட்டாச்சு. இனிமே வருவாங்களா, எனக்குத் தெரியாது."

குண்டூசிக்கு அப்போதுதான் அந்த அழுகை காதில் விழுந்த மாதிரி இருந்தது. "நான் அதை நினைக்கவே இல்லைங்க" என்றாள். அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"இனி இந்த நடையில உங்களைப் பார்க்கக் கூடாது. சார் வரலாம். வர்றாரா இல்லையான்னு அவரே போன் பண்ணிச் சொல்லணும். இடத்துக்கு நிறையப் பேர் காத்திருக்காங்க, ரொம்ப நாள் பிடிச்சு வைக்க முடியாது."

வீட்டுக்காரர் அதற்குள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். விசில் இல்லை.

வீட்டில் மறுபடியும் அதே "ஒண்ணுமில்ல" வந்து உட்கார்ந்துகொண்டது. டிவி சத்தம் ஏறியது. போன் பண்ணச் சொன்னால், "எந்த முகத்தோட போறது?" என்றார். அத்தனை பேரிடம் தேடிக் கண்டுபிடித்த ஒரே இடம். கண்டுபிடித்தவளும் அவள்தான், கெடுத்தவளும் அவள்தான். கடையில் ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தாள்.

அதையும் மீறி அவளை அரித்தது வேறொன்று. அந்தப் பெண்ணின் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, அந்த அறையில் இருந்த இன்னொரு குண்டூசியை நினைத்துப் பொருமினாள். கத்தாத குண்டூசி. "சொல்லுங்க, நான் இங்கதானே இருக்கேன்" என்று பட்டு மாதிரி பேசுகிற குண்டூசி. அவள் பெயரை வைத்துக்கொண்டு, அவளைவிட நல்லவளாக ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவளிடம்தான் பேசுகிறார். வேறொருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம். இவளை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் துண்டால் பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது மனத்தில் இருந்ததைப் போட்டு உடைத்தாள்.

"நீங்க போகலைன்னா அந்த இடத்துக்கு வேற எவனாவது வருவான்."

"வரட்டுமே."

"அவனுக்கும் அவ பொண்டாட்டியா நடிப்பா."

"நடிச்சா உனக்கென்ன?"

"என்னை மாதிரி நடிச்சுப் பழகினவ. அப்புறம் எவனோ ஒருத்தன் பொண்டாட்டியும் என்னை மாதிரியே பேசுவா. என் பேச்சை ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் குடுக்க முடியாது. ஒழுங்கா நீங்களே போங்க."

அவர் கையில் இருந்த தட்டு நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உன்னை மாதிரி நடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்கு நாக்கு தள்ளிடுச்சு, தெரியுமா? 'சார், அக்கா இவ்வளவு வேகமாவா பேசுவாங்க?'ன்னு கேட்டாங்க."

"கேட்பா, கேட்பா. போன் பண்ணுங்க."

பண்ணினார். அந்தப் பெண்ணும் நீளக்கையும் கலந்து பேசி ஒரு வழி சொன்னார்கள்: அவருக்குச் சம்மதம் என்றால், ஒரே ஒரு தடவை, மனைவியும் உள்ளே வந்து உட்காரட்டும், நடிப்புக்குப் பதில் ஆளே இருக்கட்டும். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அந்த வியாழக்கிழமை அவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். நடைக்கு வரக் கூடாது என்பதால் நேரம் ஆகும்வரை குண்டூசி கீழே லிஃப்ட் பக்கத்தில் நின்றாள். உள்ளே நுழைந்த ஒவ்வொரு பெண்ணையும் பார்த்தாள். முதல் கதவுக்காரியின் குரல்தான் அவளுக்குத் தெரியும், கையால் மறைத்த முகம் தெரியாது. நாலைந்து பெண்கள் வந்தார்கள். அதில் யாராவது அவளாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அறையில் சின்னத்தோள் தன் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். காலியான இடத்தில் குண்டூசி உட்கார்ந்தாள். வரும்போதே முடிவு செய்திருந்தாள், இன்றைக்கு அந்தப் பட்டுக் குண்டூசியைத் தோற்கடித்துவிடுவது என்று. முதுகை நிமிர்த்தினாள். கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள், தேன் ஒழுக. "நான் இங்கதானே இருக்கேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இப்போ பயம் நிறையக் குறைஞ்சிருக்கு."

"சரிங்க."

"போன மாசம் லிஃப்ட்டுக்குள்ளயே போயி நின்னேன். கீழ இருந்து ரெண்டாவது மாடி வரைக்கும்."

"ரொம்ப சந்தோஷம்ங்க."

"ஆனாலும் அந்த வேலைக்குத் திரும்பிப் போக வேண்டாம்னு இருக்கு. பயத்தால இல்ல. பயம் போனப்புறம்தான் தெரியுது, எனக்கு அந்த வேலை எப்பவுமே பிடிச்சதில்ல. நீ இன்ஜினியர்னு சொல்லிக்கிறப்ப எல்லாம் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

குண்டூசியின் வாய் திறந்தது. சுவரோரம் பெரிய கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வாய் மூடியது. உள்ளே வாடகையும், ஓரகத்தியின் முகமும், "எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஜினியர்" என்று அவள் சொல்லி வைத்திருந்த அத்தனை பேரின் முகமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

கடைசியில் அவள் கேட்டது இதைத்தான். "இதை இந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிட்டீங்களா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சொல்லிட்டேன். பல தடவை. எல்லாத் தடவையும் உன் பேரைச் சொல்லித்தான்."

"அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்?"

"'சரிங்க, யோசிச்சுச் செய்வோம்'னு சொன்ன."

"பொய்! நானாவது அப்படிச் சொல்றதாவது!"

"அதைத்தான் நானும் சொன்னேன், அவ இப்படிச் சொல்லவே மாட்டான்னு."

தேன் அத்தோடு தீர்ந்தது. "வேலைக்குப் போகாம வீட்டு வாடகைய யாரு குடுப்பா, உங்க மீன் தொட்டித் தம்பி பொண்டாட்டியா?"

"போகமாட்டேன்னு எங்கடி சொன்னேன்? லிஃப்ட்டோட கரண்ட் போர்டுங்களைக் கழட்டிக் கொண்டுவந்து ரிப்பேர் பண்ற பட்டறை ஒண்ணு இருக்கு. தரையிலயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. கேட்டு வெச்சிருக்கேன். சம்பளம்தான் குறைச்சல்."

"எப்போ கேட்டீங்க? அதுவும் இவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா? இந்த மேஜைக்குத் தெரியுமா? இந்தக் கைக்குட்டைப் பெட்டிக்கு?"

"உன்கிட்ட சொல்லியிருந்தா இப்படித்தான் கத்தியிருப்ப!"

"கத்துவேன்! கத்திட்டு அப்புறம் யோசிப்பேன்! கத்தறதுக்கே விடாம எப்படி யோசிக்கிறது?"

சின்னத்தோள் இரண்டு தடவை கையைத் தூக்கினாள், மூன்றாவது தடவை இறக்கிவிட்டாள். குடித்தனத்தின் இத்தனை மாத ஊமைத்தனத்துக்கும் சேர்த்து அன்று சண்டை நடந்தது. வாடகை வந்தது, அவள் அம்மா வந்தாள், விற்றுத் தின்ற பழைய மோட்டார் சைக்கிள் வந்தது. அவரும் விடவில்லை, கை காலை ஆட்டிப் பேசினார். வெளியே வெள்ளைப் பெட்டி தன்னால் முடிந்தவரை இரைந்து பார்த்தது. பட்டறைச் சம்பளத்தோடு இவள் இன்னொரு கடைக்கும் தைத்துக் கொடுத்தால் சமாளிக்கலாம் என்று கணக்கு ஒருவழியாக வந்து நின்றபோது, சின்னத்தோள் மெல்ல, "நேரம் ஆயிடுச்சு" என்றாள்.

குண்டூசி எழுந்தாள். கதவுப் பிடியில் கையை வைத்தவள் திரும்பினாள். அடுத்த வாக்கியம் வெளியே வர ரொம்பச் சிரமப்பட்டது.

"அடுத்த வியாழக்கிழமை இவர் வருவாரு. தனியா. நல்லாப் பார்த்துக்க."

"சரிங்க அக்கா."

"உன் உடுப்போட தோள்பட்டைய இங்க கொஞ்சம் பிடிச்சுத் தைக்கணும். கடைக்குக் கொண்டுவா. ஊரையே சுமக்கிற மாதிரி தொங்குது."

அடுத்த வியாழக்கிழமை வந்தது. அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். குண்டூசி கடையிலேயே இருந்தாள். அந்த நேரம் முழுக்க ஒரு ஜிப்பைப் பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். சாயங்காலம் வீட்டில் அவர் செருப்பைக் கழற்றும்போது அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது உடம்பெல்லாம் வலித்தது.

அவருக்கு அது புரிந்துவிட்டது. பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு உன்னைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல, கவலைப்படாத."

குண்டூசி டீத் தம்ளரை அவர் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசறீங்க, என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையா?"